வியாழக்கிழமை கை சொன்னது

அவரை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். மில்லிகிராமின் சுருக்கம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் திரும்பி, யாரைத் தேடுகிறார்கள் என்று பார்ப்பார்.

ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. எலிகளுக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, எடை போடுவது, சோதனை மருந்தை வாயில் புகட்டுவது, கடைசி நாளில் வெளியே எடுத்த உறுப்புகளைக் காகிதத்தில் ஒற்றித் தராசில் வைப்பது. இவற்றில் தராசு வேலை அவருக்கு வெறும் சம்பிரதாயம். எலியைத் தூக்கியதும் கை எடையைச் சொல்லிவிடும். தராசு பின்னால் வந்து ஆமாம் போடும்.

மகள் பிறந்த அன்று நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்த குழந்தையை வாங்கி, முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "ரெண்டு கிலோ எண்ணூத்தி நாப்பது" என்றாராம். மருத்துவமனைத் தராசு இரண்டு கிலோ தொள்ளாயிரம் காட்டியது. "துணி அறுபது கிராம்மா" என்று நர்ஸுக்கு விளக்கினார். மனைவி இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. அவரைக் காய்கறிக் கடைக்கு அழைத்துப்போவதையும் நிறுத்திவிட்டாள். கடைக்காரர் தராசில் வைப்பதற்குள் இவர் எடையைச் சொல்லிவிடுகிறார். அதன் பிறகு இரு தரப்புக்கும் முகம் கொடுத்துப் பேச முடிவதில்லை.

இந்த மனிதரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அது அட்டைகளைப் பற்றியது.

அந்த ஆண்டு களைக்கொல்லி ஆராய்ச்சி நடந்தது. செய்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. நாற்பது வயதுக்கு மேல் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு, முனைவர் பட்டத்தின் மேல் மூன்றாவது முறையாகப் படையெடுத்திருந்தார். மேடம் என்றால் அங்கே அவர்தான். கேள்வி எளிமையானது: புல்லைக் கொல்லும் மருந்து, புல் அல்லாத ஒன்றின் கல்லீரலை என்ன செய்கிறது?

முப்பத்திரண்டு வெள்ளை எலிகள். எட்டுக் கூண்டு, கூண்டுக்கு நான்கு. கூண்டின் முகப்பில் நிற அட்டை செருகியிருக்கும். வெள்ளை அட்டைக்கு வெறும் தண்ணீர், பச்சைக்குக் கொஞ்சம் மருந்து, மஞ்சளுக்கு இன்னும் கொஞ்சம், சிவப்புக்கு மிக அதிகம். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு கூண்டு. தினமும் காலை ஒன்பது மணிக்கு, முனையில் சிறு உருண்டை வைத்த வளைந்த எஃகுக் குழாயை எலியின் நாக்கு மேல் வழுக்கி உள்ளே விட்டு, அதனதன் பங்கைப் புகட்ட வேண்டும். தொண்ணூறு நாள். குழாய் ஒரு நூல் வழிதவறினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மில்லியின் கையில் ஒரு எலிகூட அப்படிப் போனதில்லை.

விலங்குக்கூடத்தில் எலிக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஆனால் ஒரே கூண்டில் இருக்கும் நாலு வெள்ளை எலிகளை அடையாளம் காண வேண்டுமே. ஒன்றுக்குத் தலையில் மஞ்சள் சாயம், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில், நான்காவதற்கு எதுவும் இல்லை. ஆகவே தலை, முதுகு, வால், சும்மா. பெயர் வைக்காமலே பெயர் வந்துவிட்டது. எட்டுக் கூண்டிலும் இதே நால்வர்தான். அதாவது, சாயத்தைப் பார்த்து இது எந்த எலி என்று சொல்லலாம். எந்தக் கூண்டு என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல அட்டை ஒன்றுதான்.

கட்டடத்தைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குப் புல்லே இருக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் உண்டு. இது எழுதிய சட்டம். புல் இருந்தால் வயல் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், உள்ளே இருக்கிற எலிகளின் உடல்நலம் என்ன ஆவது? அந்த உடல்நலத்தைக் காப்பதற்காகத் தோட்டக்காரர் புதன்கிழமைதோறும் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு சுவரோரமாகக் களைக்கொல்லி அடித்துக்கொண்டு போவார். மேடம் சோதனைக்கு வாங்கிய அதே பாட்டில்தான், அதே கடை. கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் கருக்குவது வேலை என்பதால் தோட்டக்காரருக்குப் பச்சை என்று பெயர். பன்னிரண்டு வருடமாக மத்தியானச் சாப்பாட்டை மில்லியும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"முகத்துக்குத் துணி கட்டிக்கிட்டு அடிச்சா என்னய்யா?" என்பார் மில்லி.

"கட்டினா மூச்சு முட்டுது."

"கட்டலன்னா?"

"கட்டலன்னா நல்லா வருது. நாத்தத்தோட வருது, அவ்வளவுதான்."

இனி அட்டை விஷயம். கூண்டு கழுவும்போது எலிகளைச் சுத்தமான கூண்டுக்கு மாற்றி, பழைய கூண்டின் அட்டையைப் புதியதில் செருக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கூண்டுதான் என்பது விதி. மில்லி இரண்டிரண்டாக மாற்றுவார். இரு கையிலும் எலி இருப்பதால் அட்டைகளை உதட்டில் கவ்விக்கொள்வார்: வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. அட்டையின் முன்பக்கத்தில்தான் நிறம். பின்பக்கம் எல்லாம் ஒரே சாம்பல். இருபத்திரண்டு வருடமாக உதடு தவறியதில்லை.

நாற்பத்தோராவது நாள் புதன்கிழமை. காலை மருந்து கொடுத்து முடித்து, 'வெள்ளை ஒன்று' கூண்டையும் 'சிவப்பு ஒன்று' கூண்டையும் மாற்றிக்கொண்டிருந்தார். வெளியே பச்சை ஜன்னலோரம் அடித்துக்கொண்டிருந்தார். நெடி உள்ளே வந்தது. மில்லி தும்மினார்.

இரண்டு அட்டைகளும் ஈரத் தரையில் குப்புற விழுந்தன. எலிகளைக் கூண்டில் விட்டு, குனிந்து எடுத்து, துடைத்து, செருகினார். எது எங்கே விழுந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வராததுதான் அவருடைய மொத்தப் புகழும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. சிவப்பு அட்டைக் கூண்டுக்குள் கைவிட்டுச் சும்மாவைத் தூக்கினார். மருந்து அதிகம் குடித்த எலிகள் இளைத்துப்போயிருந்தன. இருநூற்று இருபதைத் தாண்டாது. கை இருநூற்று அறுபது என்றது.

ஒரு நிமிடம் எலியைப் பிடித்தபடி நின்றார். அதன் இதயம் கட்டைவிரலின் கீழ் தடதடத்தது. கை அசதி, என்று நினைத்தார். வயசாகிறது. குழாயை உள்ளே விட்டு மருந்தை அழுத்தினார். வெள்ளிக்கிழமையும் கை அதையே சொன்னது. வெள்ளிக்கிழமையும் அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை எடை போடும் நாள். தராசு தன் வழக்கப்படி கைக்கு ஆமாம் போட்டது. சிவப்புக் கூண்டின் நாலு எலிகளும் ஒரே வாரத்தில் ஆளுக்கு நாற்பது கிராம் கூடியிருந்தன. வெள்ளைக் கூண்டின் நாலும் அதே அளவு குறைந்திருந்தன. அப்படி எந்த எலிக்கும் நடக்காது.

அறையில் வேறு யாரும் இல்லை. மில்லி இரண்டு அட்டைகளையும் உருவினார், மாற்றிச் செருகினார், எடைகளை உரிய கூண்டுக்கு எதிரே எழுதினார். முடிந்தது. தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டிய நாலு எலிகள் இரண்டு நாள் விஷம் குடித்திருந்தன. ரெண்டு நாள்தானே, என்று சொல்லிக்கொண்டார். இன்னும் நாற்பத்தேழு நாள் தண்ணீர் இருக்கிறதே. மேடத்திடம் சொன்னால் ஆராய்ச்சியே போச்சு. பள்ளி திறந்ததும் விடுப்பு முடிகிறது. நாலாவது படையெடுப்புக்கு அவருக்குத் தெம்பு இருக்காது. ஆகவே, மேடத்தின் நலனுக்காக, சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எலிகள் தண்ணீர் குடிக்கும்போது பாட்டிலின் குழாய் முனையில் இருக்கும் உலோகக் குண்டு டிக் டிக் என்று அடிக்கும். விலங்குக்கூடத்தில் அது எப்போதும் உள்ள சத்தம்தான். அதைக் கேட்பவர்கள் யாரும் இல்லை. மில்லி இப்போது வீட்டிலும் கேட்டார். குழம்பு ஊற்றும்போது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கையில், இடது கை தானாக வளைந்து எதையோ பிடித்துக்கொண்டது. கொடியில் காயும் வெள்ளைத் துண்டைக் காற்று சுருட்டினால் அது நாலு கால் வைத்துத் திரும்பிப் பார்ப்பது போல இருந்தது.

மனைவி கவனித்துவிட்டாள். ஒரு நாள் அரிசிப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் பேசாமல் வாங்கி மூலையில் வைத்தார்.

"என்னங்க, எடை சொல்லல?"

"அதான் பையில போட்டிருக்கே."

"இருபது வருஷமா பையில போட்டிருக்கு. அப்பல்லாம் பை பொய் சொல்லுதுன்னு சண்டை போடுவீங்க. உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"ஒன்னும் இல்ல."

"ஒன்னும் இல்லாம நீங்க இவ்ளோ நல்லவரா இருக்க மாட்டீங்க" என்றபடி பையை நகர்த்தினாள்.

தொண்ணூறாம் நாளோடு எலிகள் முடிந்தன. முப்பத்திரண்டு கல்லீரல்களையும் மில்லியே ஒற்றி எடை போட்டார். சிவப்பு எலிகளுடையவை வீங்கி, வெளுத்து, விரலில் கொழகொழத்தன. வெள்ளை ஒன்றின் நாலையும் வெளிச்சத்தில் அதிக நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல கருஞ்சிவப்பு, வழுவழுப்பு. சும்மாவுடையது எட்டு கிராம் பத்து மில்லி. அவருக்கு அழுகை வரும் போலிருந்தது, நிம்மதியினால்தான் என்று நினைத்தார். காலியான அறையில் டிக் டிக் நிற்கவில்லை.

அடுத்து, கல்லீரல்களை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றிக் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டினார்கள். அவற்றை நுண்ணோக்கியில் படிப்பவர் ஒரு வயதான டாக்டர். கண்ணாடி டாக்டர் என்பார்கள். எந்தக் கண்ணாடி எந்தக் கூண்டு என்று அவருக்குச் சொல்ல மாட்டார்கள், எண் மட்டும்தான். அவர் பாரபட்சமில்லாமல் பார்த்து எழுதிய பிறகுதான், எந்த எண் எந்தக் கூண்டு என்று குறித்த உறையைப் பிரிப்பார்கள்.

உறையைப் பிரித்த அன்று மேடம் முகம் வெளிறிப்போய் விலங்குக்கூடத்துக்கு வந்தார். தண்ணீர் குடித்த எட்டு எலிகளில் நாலுக்குக் கல்லீரல் கெட்டிருந்தது. அதிகமில்லை, ஆனால் கெட்டிருந்தது. நாலும் வெள்ளை ஒன்று.

"வெறும் தண்ணி குடிச்சது எப்படிண்ணா கெடும்?" என்றார். மில்லி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த தராசு அது.

துறைத் தலைவர் வந்து பார்த்தார். பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளை ஒன்று இருந்த இடம் மேல்தட்டின் ஓரம். அதற்கு நேரே காற்று வரும் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே புல் கருகிய தரை. மருந்து ஜன்னல் வழியாக வந்திருக்கிறது. ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளித்தான் அடிக்க வேண்டும் என்று தோட்டக்காரருக்குச் சுற்றறிக்கை போயிருக்கிறது. புல்லே இருக்கக் கூடாத இரண்டடிப் பட்டையில் பத்தடி தள்ளி நின்று எப்படி அடிப்பது என்பதைச் சுற்றறிக்கை சொல்லவில்லை. "அந்த ஆள் நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் தலைவர்.

மத்தியானம் பெஞ்சில் பச்சை சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எலி செத்ததுக்கு என்னை அனுப்பறாங்கய்யா. எப்படியும் சாகடிக்கத்தானே வச்சிருந்தீங்க?"

"சாப்பிடு."

"பசியில்ல. இப்பன்னு இல்ல, கொஞ்ச நாளாவே இல்ல." டப்பாவை மில்லி பக்கம் தள்ளினார். "நீ சாப்பிடு. வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போனா அவ திட்டுவா."

மில்லி எழுந்து நேரே மேடத்தின் அறைக்குப் போனார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்: உதடு, அட்டை, இரண்டு நாள், சனிக்கிழமை. தும்மலை மட்டும் சொல்லவில்லை. தும்மலைச் சொன்னால் நெடியைச் சொல்ல வேண்டும், நெடியைச் சொன்னால் பச்சை மறுபடி உள்ளே வந்துவிடுவார். எடுத்துச் செருகும்போது கை தவறிவிட்டது என்று சொன்னார். வாழ்நாளில் முதல் முறையாகத் தன் கையின் மேல் பொய் சொன்னார்.

கத்துவார் என்று மில்லி காத்திருந்தார். மேடம் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"அண்ணா, வெள்ளை ஒன்னையும் சிவப்பு ஒன்னையும் ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துட்டா?"

"எடுக்கலாமா மேடம்?"

"அட்டை மாறினதுக்கு ஆதாரம் இருந்தா எடுக்கலாம். ஒவ்வொன்னுலயும் இன்னொரு கூண்டு இருக்கே. நாலு எலி போதும்." அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "அண்ணா, நீங்க தெய்வம். இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

மூன்று மாதம் அவரைத் தின்ற விஷயம், கேட்டவருக்கு விருந்தாக இருந்தது. கடிதத்தைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தார்கள். மேடத்துக்கு ஆராய்ச்சி திரும்பக் கிடைத்தது. துறைத் தலைவருக்கு ஜன்னலை மாற்றும் வேலை மிச்சம். பச்சைக்கு வேலை நிலைத்தது. மில்லிக்கு ஒரு எச்சரிக்கைக் குறிப்பாணை. அதைக் கொடுத்தபோது தலைவர் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை கண்ணாடி டாக்டர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். இருபத்திரண்டு வருடத்தில் மில்லி அந்த அறைக்குள் போனதில்லை.

"ஆயிரம் கல்லீரல் நிறுத்திருப்பீங்க. உள்ள பாத்திருக்கீங்களா? பாருங்க."

மில்லி கண்ணை வைத்தார். செங்கல் அடுக்கிய மாதிரி இளஞ்சிவப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஊதாப் பொட்டு. "இது நல்லது" என்று டாக்டர் கண்ணாடியை மாற்றினார். இப்போது கட்டங்களுக்குள் வெள்ளை ஓட்டைகள், நுரை மாதிரி. "இது சிவப்பு ரெண்டு." மறுபடி மாற்றினார். நல்ல கட்டங்களுக்கு நடுவே அங்கங்கே ஓட்டைகள். "இது உங்க வெள்ளை ஒன்னு. சாயம் பூசாத எலி."

சும்மா. மில்லி கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு நாள் மருந்து குடுத்து, நாப்பத்தேழு நாள் தண்ணி குடுத்தா, கல்லீரல் தன்னைத்தானே சரி பண்ணிக்கும். அவ்வளவு பொறுமையான உறுப்பு அது. இந்த ஓட்டை பழசு இல்ல. கடைசி நாள் வரைக்கும் எதுவோ போய்க்கிட்டே இருந்திருக்கு, கொஞ்சம் கொஞ்சமா."

"என்ன சார் அது?"

"என்ன நடந்ததுன்னு கண்ணாடி சொல்லும். யார் செஞ்சாங்கன்னு சொல்லாது. தீனியா இருக்கலாம். காத்தா இருக்கலாம்."

"மேடம்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அதான் உங்க லெட்டர் இருக்கேன்னாங்க." டாக்டர் விளக்கை அணைத்தார். "நல்ல லெட்டர். எனக்குத் தெரிஞ்சு இந்தக் கட்டடத்துல யாரும் அவ்வளவு தெளிவா எழுதினதில்ல."

வெளியே வந்தபோது பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. பச்சை விலங்குக்கூடத்து ஜன்னலின் கீழே, குட்டைச் சுவரில் ஏறி நின்று, பிளவில் முளைத்த புல்லுக்கு அடித்துக்கொண்டிருந்தார். மில்லி எழுதிய ஒரு பக்கக் கடிதம் அவரை அங்கே பத்திரமாக நிறுத்தியிருந்தது. காலிக் கூண்டுகள் அடுக்கிய அறைக்குள் ஜன்னல் மின்விசிறி சுழன்று, வெளிக்காற்றை நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"நிறுத்துய்யா."

"இன்னும் கொஞ்சம்தான் பாக்கி."

"கீழ இறங்கு."

"வேலைய வாங்கிக் கொடுத்தவன் நீ. வேலைய நிறுத்தச் சொல்றவனும் நீயா?" என்று சிரித்துக்கொண்டே பச்சை இறங்கக் கையை நீட்டினார். மில்லி பிடித்துக்கொண்டார். பச்சை முழு பாரத்தையும் அந்தக் கையில் போட்டுக் குதித்தார்.

மில்லி கையை விடவில்லை.

"என்னய்யா, விடு."

தீனி மூட்டை நிறுக்கும் பெரிய தராசு விலங்குக்கூடத்து வாசலில் இருந்தது. மில்லி அவர் முதுகிலிருந்த மருந்து டப்பாவைக் கழற்றி வாங்கிக் கீழே வைத்தார். பாதி டப்பா, ஏழு கிலோ. பச்சையைத் தராசுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நான் என்ன மூட்டையா?"

"போன வருஷம் எவ்ளோ இருந்தே?"

"அறுபத்தெட்டு. டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டப்போ பாத்தது. ஏன்?"

"அம்பத்தெட்டு இருப்பே" என்றார் மில்லி. ஏறி நிற்கச் சொன்னார். முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

"வெயில்ல கரையுது" என்றார் பச்சை. "தராசு பழசு."

"தராசு பழசுதான். வா."

"எங்க?"

"ரத்தம் குடுக்க."

"எனக்கென்னய்யா, நான் என்ன எலியா?"

"எலின்னா வாரா வாரம் பாத்திருப்பேன்."

பச்சை கைகளைக் குழாயில் கழுவிக்கொண்டு வந்தார். மில்லி வெயிலில் அவர் கண்ணின் வெள்ளையை உற்றுப் பார்த்தார். அதில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது.

தெரு முனையில் இருந்த மருத்துவமனையில் கூட்டம் இருந்தது. பெயர், வயது, எடை கேட்டு எழுதி நர்ஸ் ஒரு அட்டை கொடுத்தாள். வெள்ளை அட்டை. முன்பக்கம் எண், பின்பக்கம் சாம்பல். பெஞ்சில் இருந்த எல்லோரிடமும் அதே மாதிரி அட்டை.

"இதைப் பிடி, எனக்கு ஊசின்னா தலை சுத்தும்" என்று பச்சை அட்டையை மில்லியிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார். கை எலும்பு சுருட்டச் சுருட்ட வெளியே வந்தது.

மில்லி இரண்டு கையாலும் அட்டையைப் பிடித்துக்கொண்டார். எங்கோ தண்ணீர்க் குழாய் சொட்டியது, டிக் டிக் என்று. நிஜமாகவே சொட்டியிருக்கவும் கூடும். நர்ஸ் ரத்தம் எடுத்து, சின்னக் குப்பியை மற்றக் குப்பிகளோடு தட்டில் நிறுத்தினாள்.

"அட்டையை அந்த மேஜை மேல வச்சுட்டு வெளிய உக்காருங்க. நான் எடுத்துக் குப்பியில ஒட்டிக்கறேன்."

மேஜை மேல் ஏற்கெனவே ஏழெட்டு அட்டைகள் கிடந்தன, சில குப்புற.

"இருக்கட்டும்மா" என்றார் மில்லி. "நீங்க ஒட்டற வரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்."